பழைய புரோகிராம்களை உடைக்காமல் டேட்டாபேஸ் ஃபைலை மாற்றுவது எப்படி? ஏஎஸ்/400 பராமரிப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வீடுகளில் உட்கார்ந்துகொண்டே வெளியூர், வெளிநாட்டு நிறுவனங்களின் ஏஎஸ்/400 (ஐபிஎம் நிறுவனத்தின் வணிகக் கணினி) அமைப்புகளைப் பராமரிக்கிற பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: “அண்ணே, ஃபைல்ல ஒரே ஒரு ஃபீல்டு சேர்க்கச் சொல்றாங்க. சேர்த்தா எத்தனை புரோகிராம் விழும்னே தெரியல. என்ன செய்யட்டும்?”

பயப்படுவதில் தவறில்லை. 1988-ல் வந்த ஏஎஸ்/400 பெயர் மாறி மாறி இன்று ஐபிஎம் ஐ ஆகிவிட்டது, ஆனால் அன்று ஆர்பிஜி என்ற மொழியில் எழுதிய புரோகிராம்கள் பல இடங்களில் இன்னும் ஓடுகின்றன. எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார். சில புரோகிராம்களுக்கு சோர்ஸே (எழுதிய மூல நிரல்) கிடைக்காது. இருந்தாலும் இந்த மாற்றத்தைப் பத்திரமாகச் செய்ய ஒழுங்கான வழி உண்டு. பழைய புரோகிராம் எதிர்பார்க்கும் ரெக்கார்டு ஃபார்மேட் (ரெக்கார்டில் எந்த ஃபீல்டு, எந்த வரிசையில், எந்த நீளத்தில் என்ற அமைப்பு) பழைய பெயரிலேயே கிடைத்துக்கொண்டிருந்தால், அடியில் உள்ள ஃபைலை நாம் விரும்பியபடி மாற்றலாம். கீழே சொல்லப்போவது எல்லாம் அதைச் செய்து முடிப்பதற்கான படிகள்தான்.

எடுத்துக்காட்டாக ஒரு ஃபைல்

ஆத்தங்குடிக் கல் விற்கும் ஒரு கடையின் வாடிக்கையாளர் ஃபைல் என்று வைத்துக்கொள்வோம். பாடத்துக்காக நானே அமைத்தது. ஃபைலின் பெயர் கஸ்ட்மாஸ்ட், ரெக்கார்டு ஃபார்மேட்டின் பெயர் கஸ்ட்ரெக். அதில் ஐந்து ஃபீல்டுகள்: வாடிக்கையாளர் எண் (பேக்டு, 6 இலக்கம், 4 பைட்), பெயர் (30 எழுத்து), ஊர் (20 எழுத்து), தொலைபேசி (பேக்டு, 6 இலக்கம், 4 பைட்), பாக்கி (பேக்டு, 9 இலக்கம், அதில் 2 தசமம், 5 பைட்). மொத்தம் 63 பைட். பேக்டு என்றால் ஒரு பைட்டில் இரண்டு இலக்கம் வைத்து, கடைசி அரை பைட்டில் கூட்டல், கழித்தல் குறியை வைக்கும் முறை.

தொலைபேசிக்கு 6 இலக்கம் போதும் என்று அன்று வைத்ததில் நியாயம் இருக்கிறது. காரைக்குடிக்கு 04565, அதற்குப் பின் ஆறு எண். செல்போன் வந்ததும் 10 இலக்கம் தேவைப்பட்டது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது, ஒவ்வொரு வியாபாரிக்கும் 15 எழுத்தில் ஒரு பதிவு எண் சேர்ந்தது. ஆக நம் வேலை, ஜிஎஸ்டி எண்ணுக்கு ஒரு புது ஃபீல்டு சேர்ப்பதும் செல்போன் எண்ணுக்கு இடம் கொடுப்பதும்.

புரோகிராம் எங்கே, ஏன் நிற்கிறது

ஆர்பிஜி புரோகிராம் கம்பைல் ஆகும்போது (சோர்ஸிலிருந்து ஓடும் வடிவத்துக்கு மாறும்போது) ஃபைலின் ஃபார்மேட்டைப் பார்த்து, எந்த ஃபீல்டு எந்த பைட்டில் தொடங்குகிறது என்பதைத் தனக்குள் எழுதி வைத்துக்கொள்கிறது. கூடவே அந்த ஃபார்மேட்டின் லெவல் ஐடென்டிஃபையரையும் எடுத்துக்கொள்கிறது. இது 13 எழுத்துள்ள ஓர் அடையாளம். ஃபார்மேட்டின் பெயர், ஃபீல்டுகளின் பெயர், எண்ணிக்கை, வகை, நீளம், தசமம், வரிசை ஆகியவற்றைக் கொண்டு சிஸ்டம் இதைக் கணக்கிடுகிறது. புரோகிராம் ஃபைலைத் திறக்கும்போது இரண்டு அடையாளங்களும் ஒத்துப்போகின்றனவா என்று சிஸ்டம் பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் சிபிஎஃப்4131 என்ற பிழையோடு ஃபைல் திறக்க மறுத்துவிடும். இதைத்தான் லெவல் செக் என்கிறோம்.

விளக்க உரை, காலம் (column) ஹெடிங், எடிட் கோடு (எண்ணை எப்படிக் காட்டுவது என்ற குறியீடு), கீ ஃபீல்டு (தேடவும் வரிசைப்படுத்தவும் உதவும் ஃபீல்டு) ஆகியவற்றை மாற்றினால் இந்த அடையாளம் மாறாது. எனவே அந்த மாதிரி மாற்றத்துக்கு இந்தக் கட்டுரை முழுவதும் தேவையில்லை. ஆனால் கீ மாறினால், அந்தக் கீயை வைத்துத் தேடும் புரோகிராமின் நடத்தை மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

லெவல் செக்கை அணைத்துவிட்டால் என்ன?

“லெவல் செக் ‘நோ’ போட்டா எல்லாம் ஓடிருமே அண்ணே” என்பது அடுத்த கேள்வி. ஓடும். அதுதான் ஆபத்து.

ஜிஎஸ்டி எண்ணை, பெயருக்கும் ஊருக்கும் நடுவில் சேர்த்து லெவல் செக்கை அணைத்துவிட்டோம் என்று வையுங்கள். பழைய புரோகிராமைப் பொறுத்தவரை ஊர் என்பது 35-ஆம் பைட்டிலிருந்து 54 வரை. இப்போது அந்த இடத்தில் இருப்பது ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்தும், ஊரின் முதல் 5 எழுத்தும். முகவரிச் சீட்டு அடிக்கும் புரோகிராம் பெயரையும் ஊரையும் மட்டும்தான் பயன்படுத்துகிறது. அது எந்தப் பிழையும் காட்டாமல் 33 என்று தொடங்கும் ஒரு நீண்ட எண்ணை ஊர் என்று அச்சடித்துக்கொண்டே போகும்.

தொலைபேசியைப் பயன்படுத்தும் புரோகிராம் 55-லிருந்து 58 வரை படிக்கும். அங்கே ஊர்ப் பெயரின் நடு எழுத்துகள் இருக்கும். இந்த மெஷின் எழுத்துகளைப் பைட்டாக வைக்கும் எப்சிடிக் குறியீட்டில் எந்த ஆங்கில எழுத்தை எடுத்தாலும் அதன் பைட்டின் பின்பாதி 1 முதல் 9-க்குள் இருக்கும். வெற்றிடம் என்றால் 0. பேக்டு எண்ணின் கடைசிப் பாதியில் கூட்டல், கழித்தல் குறி இருக்க வேண்டும், அது ஏ முதல் எஃப் வரை மட்டுமே வரும். அதனால் டெசிமல் டேட்டா எரர் வந்து புரோகிராம் நின்றுவிடும். நின்ற புரோகிராம் பரவாயில்லை, உடனே கவனிப்போம். நிற்காமல் தப்பான ரெக்கார்டைத் திரும்ப எழுதும் புரோகிராம்தான் கடையைக் கெடுக்கும்.

புது ஃபீல்டைக் கடைசியில் சேர்த்தால் ஒன்றும் ஆகாது என்பார்கள். இந்த ஒரு தடவை ஆகாமல் போகலாம். ஆனால் அன்றிலிருந்து அந்த ஃபைலுக்குக் காவல் கிடையாது. அடுத்த ஆண்டு வேறொருவர் நடுவில் ஒரு ஃபீல்டைச் செருகினால் தடுக்க ஆளில்லை. லெவல் செக் நமக்காக வேலை செய்கிற ஒன்று. அதை அணைக்காதீர்கள்.

படி 1: யார் யார் தொடுகிறார்கள் என்று கணக்கெடுப்பது

முழு வேலையில் பாதி நேரம் இங்கே போக வேண்டும். போகவில்லை என்றால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

டேட்டாவை வைத்திருப்பது பிசிக்கல் ஃபைல். அதே டேட்டாவை வேறு வரிசையிலோ வேறு ஃபீல்டுகளோடோ காட்டுபவை லாஜிக்கல் ஃபைலும் வியூவும். டிஸ்ப்ளே டேட்டாபேஸ் ரிலேஷன்ஸ் கட்டளை, இந்த ஃபைலின் மேல் கட்டப்பட்ட லாஜிக்கல் ஃபைல்கள், வியூக்கள் அத்தனையையும் சொல்லும். அவை வேறு லைப்ரரியில் (ஃபைல்களையும் புரோகிராம்களையும் வைக்கும் தொகுப்பு) இருந்தாலும் காட்டும். டிஸ்ப்ளே புரோகிராம் ரெஃபரன்சஸ் கட்டளையை எல்லா லைப்ரரிகளுக்கும் ஓட்டி, முடிவை ஒரு அவுட்ஃபைலில் வாங்குங்கள். எந்தப் புரோகிராம் எந்த ஃபைலைப் பயன்படுத்துகிறது, படிக்கவா எழுதவா, எந்த லெவல் அடையாளத்தோடு கம்பைல் ஆனது என்பதெல்லாம் அதில் கிடைக்கும். பிசிக்கல் ஃபைலின் பெயரை மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். முதல் பட்டியலில் வந்த ஒவ்வொரு லாஜிக்கல் ஃபைலின் பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும்.

இந்தப் பட்டியலில் வராதவர்கள்தான் பின்னால் தொல்லை தருவார்கள். ஃபைல் பெயரை வேரியபிளில் வைத்துக் கட்டளையை அமைக்கும் சிஎல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் மொழி) புரோகிராம்கள் வராது. டைனமிக் எஸ்க்யூஎல் (ஓடும்போதே அமைக்கப்படும் டேட்டாபேஸ் வினவல்) வராது. ஓவர்ரைடு (ஓடும்போது ஃபைலின் பெயரைத் திருப்பிவிடும் கட்டளை) மூலம் வேறு பெயரில் திறப்பவை, அந்த வேறு பெயரில்தான் தெரியும். குவெரி/400 குவெரிகள், ஆப்ஜெக்ட் வகையில் அவற்றையும் கேட்டால்தான் வரும். கணக்குப் பிள்ளையின் எக்செல் ஷீட்டிலிருந்து ஓடிபிசி (வெளிக் கணினியிலிருந்து டேட்டாபேஸை எட்டும் முறை) வழியாக வரும் இணைப்பும் வராது. இவற்றுக்காக எல்லா சோர்ஸ் ஃபைல்களிலும் பெயரைத் தேட வேண்டும். அப்புறம் அந்த அலுவலகத்தில் ரிப்போர்ட் எடுப்பவர்களிடம் நேரில் பேச வேண்டும். நேரில் கேட்டால் கிடைக்கும் தகவல் எந்தக் கட்டளையிலும் கிடைக்காது.

இன்னும் ஒரு வகை உண்டு. ரெக்கார்டின் நீளத்தையும் பைட் இடங்களையும் புரோகிராமுக்குள்ளேயே கையால் எழுதியவை, அதாவது புரோகிராம் டிஸ்க்ரைப்டு ஃபைல்கள். இவற்றுக்கு லெவல் செக்கே கிடையாது. முன்சொன்ன முகவரிச் சீட்டுக் கதை லெவல் செக்கை அணைக்காமலேயே இவற்றில் நடக்கும். ஏஎஸ்/400-க்கு முன்னிருந்த சிஸ்டம்/36 மெஷினிலிருந்து கொண்டுவந்த புரோகிராம்கள் இருக்கும் இடங்களில் இதைக் கட்டாயம் தேடுங்கள்.

எஸ்க்யூஎல் எழுதியவர்கள் என்றால் இரண்டை மட்டும் தேடினால் போதும்: காலம் (எஸ்க்யூஎல்லில் ஃபீல்டுக்கு வழங்கும் பெயர்) பெயர்களைச் சொல்லாத இன்சர்ட், ‘செலக்ட் ஸ்டார்’ செய்து ஒரு டேட்டா ஸ்ட்ரக்சரில் கொட்டுவது. ஃபீல்டு கூடினால் இரண்டுமே தகராறு செய்யும்.

படி 2: இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்வது

பட்டியல் சிறியதாக இருந்து, எல்லாப் புரோகிராமுக்கும் சோர்ஸ் இருந்து, அந்த சோர்ஸும் ஓடும் புரோகிராமும் ஒன்றுதான் என்று உறுதியானால் நேர்வழியில் போகலாம்: ஃபைலை மாற்று, எல்லாவற்றையும் திரும்பக் கம்பைல் செய். பட்டியல் நீளமாக இருந்தாலோ, ஒரு புரோகிராமுக்காவது சோர்ஸ் சந்தேகமாக இருந்தாலோ இரண்டாவது வழிதான் நல்லது. என் கையில் முடிவு இருந்தால் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எடுப்பேன். நூறு புரோகிராமைக் கம்பைல் செய்தால் நூறையும் சோதிக்க வேண்டும், யாரும் சோதிப்பதில்லை.

நேர்வழி

டிடிஎஸ் (ஃபைலின் ஃபீல்டுகளை விவரிக்கும் பழைய முறை) சோர்ஸில் புது ஃபீல்டைச் சேர்த்து, சேஞ்ச் பிசிக்கல் ஃபைல் கட்டளையில் அந்த சோர்ஸைக் கொடுத்தால் போதும். டேட்டா, லாஜிக்கல் ஃபைல்கள், ட்ரிகர்கள் (ரெக்கார்டு மாறும்போது தானாக ஓடும் புரோகிராம்கள்) அப்படியே இருக்க, ஃபைல் மட்டும் மாறும். ஃபைலை அழித்துப் புதிதாக உருவாக்கி டேட்டாவைக் காப்பி செய்யும் பழைய பழக்கம் தேவையில்லை. ‘ஆல்டர் டேபிள்’ செய்வதும் இதே வேலைதான்.

கவனிக்க வேண்டியது ஒன்று. சிஸ்டம், ஃபீல்டுகளைப் பெயரை வைத்துத்தான் இணைக்கிறது. ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றினால், பழையதை நீக்கிப் புதிதாக ஒன்றைச் சேர்த்ததாக அது எடுத்துக்கொள்ளும். பழைய டேட்டா போய்விடும். அப்படிப் போகும் வாய்ப்பு இருந்தால் சிபிஏ32பி2 என்ற கேள்வி திரையில் வரும்: டேட்டா இழக்கப்படலாம், விட்டுவிடவா, தொடரவா என்று. இந்த வேலையை பேட்ச் ஜாபில் (பின்னணியில் தானாக ஓடும் வேலை) விடும்போது, அந்தக் கேள்விக்கு ரிப்ளை லிஸ்ட்டில் யாராவது தானியங்கிப் பதில் வைத்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே பாருங்கள். ‘தொடர்’ என்று வைத்திருந்தால் உங்களைக் கேட்காமலேயே டேட்டா போகும்.

அப்புறம், பிசிக்கல் ஃபைலின் ஃபார்மேட்டைப் பகிர்ந்துகொள்ளும் லாஜிக்கல் ஃபைல்களின் அடையாளமும் சேர்ந்து மாறும். தனக்கென்று ஃபீல்டுகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட லாஜிக்கல் ஃபைல் மாறாது. இந்த வேறுபாட்டில்தான் இரண்டாவது வழி பிறக்கிறது.

பழைய பெயரை விடாத வழி

செட்டிநாட்டு வீட்டில் பின்கட்டை இடித்து எடுத்துக் கட்டினாலும் தெருவில் வருபவர் ஏறும் முகப்பு அப்படியே நிற்கும். அதுபோல கஸ்ட்மாஸ்ட் என்ற பெயரை இனி ஒரு லாஜிக்கல் ஃபைல் வைத்துக்கொள்ளும். டேட்டா வேறு பெயருள்ள புது டேபிளுக்குப் போய்விடும்.

முதலில் டிஸ்ப்ளே ஃபைல் டிஸ்க்ரிப்ஷன் கட்டளையால், கஸ்ட்மாஸ்ட்டுக்கும் அதன் ஒவ்வொரு லாஜிக்கல் ஃபைலுக்கும் இப்போதுள்ள லெவல் அடையாளத்தை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கடைசியில் வேலை சரியாக நடந்ததா என்று சொல்லப்போவது இந்த எண்கள்தான்.

பிறகு கஸ்ட்01 என்று ஒரு எஸ்க்யூஎல் டேபிள் உருவாக்குங்கள். பழைய ஐந்து காலங்களும் அதே பெயர், அதே வகை, அதே நீளத்தில் இருக்க வேண்டும். கூடவே ஜிஎஸ்டி எண்ணும் செல்போன் எண்ணும். இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. ‘டெசிமல்’ என்று எழுதினால் பேக்டு, ‘நியூமெரிக்’ என்று எழுதினால் ஜோன்டு (இலக்கத்துக்கு ஒரு பைட்). கவனக்குறைவாக மாற்றி எழுதினால் அடையாளம் மாறிவிடும். இரண்டாவது, எஸ்க்யூஎல்லில் ஒன்றும் சொல்லாவிட்டால் அந்தக் காலம் ‘நல்’ (null, மதிப்பே இல்லை என்ற நிலை) மதிப்பை ஏற்கும். பழைய டிடிஎஸ் ஃபீல்டுகள் பெரும்பாலும் ஏற்காது. எனவே பழைய ஐந்துக்கும் ‘நாட் நல் வித் டீஃபால்ட்’ என்று எழுதுங்கள். புது காலங்களுக்கும் டீஃபால்ட் அவசியம். பழைய புரோகிராம் புது வாடிக்கையாளரை எழுதும்போது அதற்கு ஜிஎஸ்டி காலம் இருப்பதே தெரியாது. டீஃபால்ட் இருந்தால்தான் சிஸ்டம் அந்த இடத்தை நிரப்பி ரெக்கார்டை ஏற்கும்.

டேட்டாவை காப்பி ஃபைல் கட்டளையில் ‘மேப்’ (ஃபீல்டுகளைப் பெயர் பார்த்துப் பொருத்தும்) விருப்பத்தோடு நகர்த்துங்கள். பழைய டிடிஎஸ் ஃபைல், எழுதும்போது எண் ஃபீல்டுகளைச் சரிபார்க்காது. எஸ்க்யூஎல் டேபிள் சரிபார்க்கும். அதனால் முப்பது வருடமாக உள்ளே உட்கார்ந்திருந்த குப்பை, எண் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம் போன்றவை, இந்தக் கட்டத்தில் வெளியே வரும். டெஸ்ட் லைப்ரரியில் உண்மையான டேட்டாவின் நகலை வைத்து ஒத்திகை பார்த்துச் சுத்தம் செய்துவிட்டால், மாற்றும் இரவில் இந்த வேலை இருக்காது.

டேட்டா நகர்ந்ததும் பழைய லாஜிக்கல் ஃபைல்களை நீக்கி, பழைய பிசிக்கல் ஃபைலுக்கு வேறு பெயர் வையுங்கள். அழிக்க வேண்டாம். இப்போது கஸ்ட்மாஸ்ட் என்ற பெயரில் ஒரு லாஜிக்கல் ஃபைலை உருவாக்குங்கள்: ஃபார்மேட் பெயர் கஸ்ட்ரெக், அடியில் கஸ்ட்01, பழைய ஐந்து ஃபீல்டுகளும் பழைய வரிசையிலேயே பெயர் சொல்லி எழுதப்பட்டவை, பழைய கீ. மற்ற லாஜிக்கல் ஃபைல்களும் இனி கஸ்ட்01 மேல் நிற்க வேண்டும். முன்பு பிசிக்கல் ஃபைலின் ஃபார்மேட்டைப் பகிர்ந்தவை, ‘ஃபார்மேட்’ கீவேர்டு மூலம் புது கஸ்ட்மாஸ்ட்டின் ஃபார்மேட்டைப் பகிரட்டும்.

சரி, இப்போது அடையாளங்களை ஒப்பிடுங்கள். எழுதி வைத்ததும் புதிதாக வந்ததும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் ஒரு புரோகிராமையும் கம்பைல் செய்ய வேண்டாம். ஒன்றில் வேறுபட்டாலும் நிறுத்திவிட்டு நீளம், தசமம், நல், வரிசை, ஃபார்மேட் பெயர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இந்த வழியிலும் உடையக்கூடியவை உண்டு. கஸ்ட்மாஸ்ட் இனி பிசிக்கல் ஃபைல் இல்லை. எனவே கிளியர் பிசிக்கல் ஃபைல் மெம்பர், ரீஆர்கனைஸ் போன்ற கட்டளைகள் அந்தப் பெயரில் வேலை செய்யாது. காப்பி ஃபைல் கட்டளை அதை இலக்காக ஏற்காது. இவையெல்லாம் பெரும்பாலும் சிஎல் புரோகிராம்களில் இருக்கும். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் மாத முடிவு ஓட்டத்தில்தான் எட்டிப் பார்க்கும். படி 1-ல் சோர்ஸ் தேடும்போதே இந்தக் கட்டளைகளையும் தேடிக் கஸ்ட்01-க்குத் திருப்பிவிடுங்கள்.

ஃபீல்டின் நீளத்தைக் கூட்ட வேண்டும் என்றால்

தொலைபேசியை 6-லிருந்து 10 இலக்கமாக நீட்டி, லாஜிக்கல் ஃபைலில் மட்டும் அதை 6 என்று காட்டலாமே என்று தோன்றும். சிஸ்டம் அதை அனுமதிக்கும். ஆனால் யாராவது ஒரு 10 இலக்க எண்ணைப் போட்டவுடன், அந்த ரெக்கார்டைப் படிக்கும் பழைய புரோகிராம் மேப்பிங் எரரில் நிற்கும். அதனால்தான் மேலே செல்போனுக்குத் தனிக் காலம் வைத்தேன். பழைய தொலைபேசி அப்படியே இருக்கட்டும். செல்போன் எண்ணை எழுத்து வகையில் வையுங்கள். அதை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை.

பாக்கி போன்ற தொகை ஃபீல்டு நிரம்பி வழியும் நிலை என்றால் கதை வேறு. ஒரே தொகையை இரண்டு காலங்களில் வைத்து, ட்ரிகர் மூலம் ஒன்றிலிருந்து மற்றதை நிரப்பலாம். ஆனால் பெரிய தொகை வரும்போது சிறிய காலத்தில் என்ன போடுவது என்பதைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும், நாம் முடிவு செய்யக் கூடாது. தொகையைப் பொறுத்தவரை, அந்த ஃபீல்டைத் தொடும் எல்லாப் புரோகிராமையும் மாற்றிக் கம்பைல் செய்யும் நேர்வழியே நல்லது.

மாற்றும் இரவு

ஃபைல் தனியாக உங்கள் கைக்கு வர வேண்டும். லாக் (ஃபைலைப் பிடித்துவைக்கும் பூட்டு) யாரிடம் இருக்கிறது என்பதை ஒர்க் வித் ஆப்ஜெக்ட் லாக்ஸ் காட்டும். யாரும் வேலை செய்யாதபோதும் ஓடிபிசி ஜாப்கள், மூடியது போலத் தோன்றும் கர்சர்களோடு ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கும். அலொகேட் ஆப்ஜெக்ட் கட்டளையில் ‘ரிக்வஸ்ட் ரிலீஸ்’ கொடுத்தால் அவை விட்டுவிடும்.

முழு சேவ் எடுத்த பிறகே தொடங்குங்கள். எண்ணிக்கையையும் பாக்கியின் கூட்டுத்தொகையையும் முன்பே எடுத்து வைத்து, முடிந்ததும் ஒப்பிடுங்கள். புது டேபிளுக்குப் பழைய ஃபைலின் உரிமையாளரையும் அனுமதிகளையும் நகலெடுங்கள். இதை மறந்தால் காலையில் எல்லோருக்கும் அனுமதி மறுக்கப்படும், பழி லெவல் செக் மேல் விழும். ஜர்னல் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் ஏடு) தானாகத் தொடங்கியிருக்கும் என்று நம்ப வேண்டாம். கமிட்மென்ட் கன்ட்ரோலில் (பல மாற்றங்களை ஒன்றாக உறுதிசெய்யும் முறை) எழுதும் புரோகிராம், ஜர்னல் இல்லாத டேபிளைத் திறக்க முடியாமல் நிற்கும். வேறு மெஷினுக்கு ரெப்ளிகேஷன் (தொடர் நகலெடுப்பு) இருந்தால் கஸ்ட்01-ஐ அந்தப் பட்டியலிலும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கம்பைல் செய்யாத பழைய புரோகிராமை எடுத்து ஒரு வாடிக்கையாளரைச் சேர்த்து, திருத்தி, நீக்கிப் பாருங்கள். கஸ்ட்01-ல் ஜிஎஸ்டி காலம் டீஃபால்ட் மதிப்போடு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஜிஎஸ்டி எண் உள்ள ஒரு ரெக்கார்டைப் பழைய புரோகிராமில் திருத்துங்கள். அந்த எண் கலையாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

திரும்பிப் போக வேண்டியிருந்தால், புது லாஜிக்கல் ஃபைல்களை நீக்கி, பழைய ஃபைலுக்கு அதன் பெயரைத் திருப்பிக் கொடுத்து, பழைய லாஜிக்கல் ஃபைல்களைக் கட்டினால் போதும். கடை திறந்து புது ரெக்கார்டுகள் விழுந்த பிறகு இது இவ்வளவு சுலபமில்லை. எனவே எத்தனை மணிக்குள் முடிவெடுப்பது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு

ஜிஎஸ்டி எண் வேண்டும் புரோகிராம்களை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அவையும் கஸ்ட்01-ஐ நேராகத் திறக்க வேண்டாம். தனக்குத் தேவையான ஃபீல்டுகளை மட்டும் பெயர் சொல்லி எழுதிய ஒரு லாஜிக்கல் ஃபைலோ வியூவோ வைத்து, அதன் வழியாகவே போகட்டும். அப்படிச் செய்தால் அடுத்த முறை காலம் சேர்க்க ஒரு ஆல்டர் டேபிள் போதும், யாருடைய அடையாளமும் மாறாது.

பழைய கஸ்ட்மாஸ்ட் லாஜிக்கல் ஃபைலை நீக்க அவசரப்படாதீர்கள். ஆப்ஜெக்ட் விவரத்தில் கடைசியாகப் பயன்படுத்திய தேதி இருக்கும். மாத முடிவு, காலாண்டு முடிவு, மார்ச் 31 ஆண்டு முடிவு ஓட்டங்கள் எல்லாம் கடந்தும் அந்தத் தேதி நகராமல் இருந்தால், பெயர் மாற்றி வைத்து இன்னும் ஒரு மாதம் பாருங்கள். அதன் பிறகு நீக்கலாம்.